தாலி கட்டிய தேதியும் வில்லங்கம்தான்: பதிவுத்துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: பதிவுத்துறைத் தலைவர், தமிழ்நாடு, அரசுச் செயலாளர், வணிகவரி மற்றும் பதிவுத்துறை, சென்னை.

மதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரே கூரையின் கீழ் இரண்டு வகைப் பதிவேடுகள் இருக்கின்றன. சொத்து யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று காட்டும் புத்தகம் 1 ஒன்று. யாருக்கு யார் கணவர், யாருக்கு யார் மனைவி என்று காட்டும் திருமணப் பதிவேடு மற்றொன்று. முதலாவதைத் தேட சர்வே எண் போதும். வில்லங்கச் சான்று வீட்டிலிருந்தே கிடைத்துவிடுகிறது. இரண்டாவதைத் தேட வேண்டுமானால், அந்தத் திருமணம் எந்த அலுவலகத்தில், எந்த ஆண்டில், எந்தச் சட்டத்தின் கீழ் பதிவானது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். இதெல்லாம் தெரியாதவர்தானே தேட வருவார்? விவாகரத்துக்கோ பதிவேடே கிடையாது. தீர்ப்பாணை நீதிமன்ற ஆவண அறையில் கிடக்கும். திருமணப் பதிவேடு அந்த இருவரையும் இன்றுவரை தம்பதி என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

குடும்பச் சொத்துகளுக்குப் பத்திரம் எழுதுவது, தாய்ப்பத்திரத்திலிருந்து மூலம் பார்த்துக் கருத்துரை கொடுப்பது, குடும்ப நீதிமன்றத்தில் வழக்கு நடத்துவது ஆகிய வேலைகளில் இருப்பவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். எங்கள் கோரிக்கை ஒன்றுதான். மணத் தேதியும் மண முறிவுத் தேதியும் தமிழ்நாட்டில் சொத்துரிமையையே மாற்றக்கூடிய தேதிகள். ஆகவே அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்கும்படி வையுங்கள்.

1989 மார்ச் 25-ஐ எடுத்துக்கொள்வோம். அன்று முதல் செல்லும்படியாக, தமிழ்நாட்டின் 1990-ஆம் ஆண்டு 1-ஆம் சட்டம் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 29-ஏ பிரிவைச் சேர்த்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனைப் போலவே மகளும் பிறப்பால் பங்காளி ஆனார். ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே மணமாகிப் போன மகளுக்கு அந்த உரிமை இல்லை. அதற்கு முன்பே பாகம் பிரிந்த குடும்பத்துக்கும் இல்லை. மணமானவர், மணமாகாதவர் என்ற பேதத்தை மத்திய அரசின் திருத்தம் 2005 செப்டம்பர் 9-ல்தான் எடுத்தது. அந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இருந்தாலும் 2004 டிசம்பர் 20-க்கு முன் பத்திரமாகப் பதிவான பாகப்பிரிவினையையோ, நீதிமன்றத் தீர்ப்பாணையால் ஆன பாகப்பிரிவினையையோ 2005 திருத்தம் தொடாது.

இடைப்பட்ட அந்தப் பதினைந்து ஆண்டுகளில் எழுதிய பத்திரங்களில்தான் சிக்கல். 1996-ல் தந்தையும் இரண்டு மகன்களும் பூர்விக நிலத்தைப் பாகம் பிரித்துப் பதிவு செய்கிறார்கள். மகள் கையெழுத்து இல்லை. அவருக்கு 1989 மாசியில் கல்யாணம் ஆகியிருந்தால் பத்திரம் நிற்கும். அதே ஆண்டு வைகாசியில் ஆகியிருந்தால், மார்ச் 25 அன்று அவர் மணமாகாத மகள். ஒரு பங்காளியை விட்டுவிட்டுச் செய்த பிரிவினை அது. மூன்று மாத வித்தியாசத்தில் நான்கில் ஒரு பங்கு தங்கியிருக்கிறது. தந்தையின் தனிச் சொத்திலும், அவர் இறந்தபின் அவருடைய பங்கிலும், எப்போது மணமான மகளுக்கும் 1956 முதலே உரிமை உண்டு என்பது வேறு விஷயம். இரண்டையும் போட்டுக் குழப்புவது பத்திரம் எழுதும் இடங்களில் அன்றாடம் நடக்கிறது. ‘பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, கையெழுத்து வேண்டாம்’ என்ற பேச்சு இன்னும் ஒழியவில்லை.

அந்த மாசியையோ வைகாசியையோ எப்படி நிரூபிப்பது? தேவாலயத்தில் நடந்த திருமணம் என்றால் 1872 கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி வைத்த பதிவேட்டின் நகல் கிடைக்கும். பள்ளிவாசல் ஜமாத்துகளிலும் நிக்காஹ் பதிவுப் புத்தகம் பெரும்பாலும் பத்திரமாக இருக்கும். இந்துக் குடும்பங்களில்தான் கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு, மண்டப ரசீது, குடும்ப அட்டையில் பெயர் நீக்கிய தேதி என்று தேடி அலைய வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்திலும் 1955 இந்து திருமணச் சட்டத்தின் 8-ஆம் பிரிவின் கீழ் பதிவு செய்துகொண்டவர்கள் உண்டு. அந்தப் பதிவேட்டை யாரும் பார்வையிடலாம், சாட்சியமாகவும் ஏற்கலாம் என்று சட்டமே சொல்கிறது. பார்வையிடக் கேட்டால், எந்த வருடம், என்ன எண் என்ற கேள்விதான் திரும்பி வருகிறது. கையெழுத்துப் பதிவேடுகளை எல்லாம் கணினியில் ஏற்ற இப்போது நிதி இல்லையென்றால் 1985 முதல் 1995 வரையிலான பதிவேடுகளை முதலில் எடுங்கள். தேதியை வைத்து வழக்காகும் திருமணங்கள் பெரும்பாலும் அந்தப் பத்தாண்டுகளுக்குள் அடங்கும்.

ஏற்றும்போது கவனிக்க வேண்டியது இனிஷியல். பிறந்த வீட்டில் ‘க. மல்லிகா’, புகுந்த வீட்டில் ‘ச. மல்லிகா’. தந்தை எழுதிய செட்டில்மெண்டில் (விலை வாங்காமல் சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம்) முதல் பெயர், ஆதாரில் இரண்டாவது, யூடிஆர் (நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) காலப் பட்டாவில் இரண்டுமே இல்லை, அண்ணன் பெயர் மட்டும். திருமணப் பதிவு ஒன்றுதான் இந்த இரண்டு மல்லிகாவும் ஒருவரே என்று அரசே சொல்லும் ஆவணம். அதைப் பெயரின் முதலெழுத்தைக் கொண்டு அட்டவணைப்படுத்தினால் எந்தப் பயனும் இல்லை. மணமக்கள் இருவர் பெயர், இருவரின் தந்தை பெயர், மண நாள் ஆகிய ஐந்தையும் தனித்தனிக் கலங்களாக்கி, எதைக் கொண்டு தேடினாலும் வரும்படி செய்ய வேண்டும். அதேபோல், சொத்துப் பத்திரத்தை இணையத்தில் உள்ளீடு செய்யும்போது பெண்களுக்குத் தந்தை பெயர், கணவர் பெயர் இரண்டுக்கும் இடம் கொடுத்து, மணமானவர் என்றால் இரண்டையும் கட்டாயமாக்குங்கள். ‘இன்னார் மனைவி’ என்று மட்டும் எழுதிய விடுதலைப் பத்திரத்தை வைத்துக்கொண்டு, விட்டுக்கொடுத்தவர் இந்தக் குடும்பத்து மகள்தானா என்று முப்பது வருடம் கழித்து வங்கி வழக்கறிஞர் கேட்கும்போது பதில் சொல்ல ஆளிருக்காது.

இனி 2009 சட்டம். ஜாதி, மதம் எதுவானாலும் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும் என்று 2006-ல் சீமா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் வந்தது தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம். திருமணம் நடந்த 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் தாமதக் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். நல்ல சட்டம்தான். கெடு முடிந்த பிறகு என்ன நடக்கிறது என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். 150 நாளைத் தாண்டி வருபவரிடம், இந்து திருமணச் சட்டத்தின் கீழோ, சிறப்புத் திருமணச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின் கீழோ பதியலாம் என்று எடுத்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பதில் இடைத்தரகர் ஒருவர் வேறு யோசனை சொல்கிறார்: கோயிலில் இன்னொரு முறை மாலை மாற்றி ரசீது வாங்குங்கள், புதுத் தேதியில் பத்திரிகை அடித்துவிடலாம். உண்மையான மண நாளுக்கு இரண்டு வருடம் பிந்திய தேதியில் அரசுச் சான்றிதழ் வந்துவிடுகிறது. அதன்படி பார்த்தால் மூத்த பிள்ளை கல்யாணத்துக்கு முன் பிறந்தது. குடும்ப ஓய்வூதியம், வாரிசுச் சான்று, பாக வழக்கு என்று ஒவ்வொன்றிலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு இதைவிட என்ன வேண்டும்? சடங்கு நடக்காத திருமணத்துக்குச் சான்றிதழ் உயிர் கொடுக்காது என்று 2024-ல் டோலி ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். தாமதத்தை மன்னித்து உண்மைத் தேதியிலேயே பதிய மாவட்டப் பதிவாளருக்கு அதிகாரம் கொடுத்தால் இந்தப் பொய்த் தேதிகள் தானே குறையும்.

சுயமரியாதைத் திருமணத்தைப் பதிய வருபவர்களிடம் கோயில் ரசீதும் மண்டப ரசீதும் கேட்பது இன்னொரு கொடுமை. அண்ணா ஆட்சியில் நிறைவேறி 1968 ஜனவரி 20 முதல் நடைமுறையில் இருக்கும் இந்து திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவுக்குப் புரோகிதரும் வேண்டாம், மண்டபமும் வேண்டாம். உற்றார், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி மாலையோ மோதிரமோ மாற்றினாலும், தாலி கட்டினாலும் போதும். ஊரறிய நடத்த வேண்டும் என்ற நிபந்தனையையும் 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் எடுத்துவிட்டது. இதைப் பற்றி ஒரு சுற்றறிக்கை போதும்.

எந்தச் சட்டத்தின் கீழ் பதிவு என்பதும் வெறும் படிவ வேறுபாடு அல்ல. இதை யாரும் மணமக்களிடம் சொல்வதில்லை. ஓர் இந்து ஆணும் கிறிஸ்தவப் பெண்ணும் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் மணந்தால், 19-ஆம் பிரிவின்படி அந்த ஆண் தன் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவராகிறார். 21-ஆம் பிரிவின்படி அவருடைய சொத்துக்கு 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். உயில் எழுதாமல் அவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. உயிரோடிருக்கும் தாய்க்கு ஒன்றுமில்லை. அதே ஆண் அதே சட்டத்தின் கீழ் ஓர் இந்துப் பெண்ணை மணந்திருந்தால், 1976-ல் சேர்த்த 21-ஏ பிரிவால் இந்து வாரிசுரிமைச் சட்டமே தொடரும். தாய், மனைவி, பிள்ளைகள் எல்லோருக்கும் சம பங்கு. ஏற்கெனவே வேறு முறையில் நடந்த திருமணத்தை 15-ஆம் பிரிவின் கீழ் பதிந்தாலும் இந்தச் சட்டத்தின் கீழ் நடந்ததாகவே கருதப்படும் என்பதால், பிந்திப் பதிய வருபவருக்கும் இது முக்கியம். 30 நாள் அறிவிப்பு ஒட்டும்போது இந்த விளைவுகளைத் தமிழில் ஒரு பக்கம் அச்சடித்து இருவரிடமும் கையெழுத்து வாங்கிவிடலாம்.

விவாகரத்துக்கு வருவோம். நம் நாட்டில் மண முறிவோடு சொத்து தானாகப் பிரியாது; யார் பெயரில் இருக்கிறதோ அவருடையது. இல்லத்தரசியின் உழைப்பும் சொத்துச் சேர்ப்பில் பங்களிப்புதான் என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சம பங்கு கொடுத்தது உண்மை. ஆனால் அப்படி ஒரு பங்கு கேட்க வழக்குப் போட்டு, சாட்சியம் வைத்து வென்றாக வேண்டும். அதனால் பரஸ்பர சம்மத விவாகரத்துகளில் பெரும்பாலும் பேசி முடிப்பார்கள்: வீட்டை மனைவிக்கு எழுதித் தருவது, மற்றபடி கொடுக்கல் வாங்கல் இல்லை.

எப்போது எழுதித் தருவது என்பதில்தான் பணம் இருக்கிறது. வழிகாட்டி மதிப்பில் 50 லட்சம் பெறும் வீட்டைத் தீர்ப்புக்கு முன், கணவன் மனைவியாக இருக்கும்போதே செட்டில்மெண்ட் எழுதினால் குடும்ப உறுப்பினர் விகிதம்: முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், 2023 ஜூலை முதல் உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 10,000. ஆக 50,000 ரூபாயில் முடியும். தீர்ப்பு வந்த மறுநாள் எழுதினால் அவர்கள் ஒருவருக்கொருவர் அந்நியர். முத்திரைத் தீர்வையே 7 சதவீதம், அதாவது மூன்றரை லட்சம். பதிவுக் கட்டணம் தனி. சரி, முன்பே எழுதிவிடலாம் என்றால் கணவருக்குப் பயம். பரஸ்பர சம்மத விவாகரத்துக்கான இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவின் கீழ் முதல் மனுவுக்கும் இறுதி விசாரணைக்கும் இடையே ஆறு மாதம். 2017-ல் அமர்தீப் சிங் வழக்குக்குப் பிறகு நீதிமன்றம் அதைத் தளர்த்தலாம். தளர்த்தியே ஆக வேண்டும் என்றில்லை. அதற்குள் மனைவி சம்மதத்தைத் திரும்பப் பெற்றால் விவாகரத்தும் இல்லை, வீடும் போச்சு. நிபந்தனையற்ற செட்டில்மெண்டை ரத்து செய்ய முடியாது. மனைவிக்கும் எதிர்ப்பக்கத்துப் பயம்: முதலில் தீர்ப்பு வாங்கிக்கொண்டு, பத்திரத்துக்கு வராமல் இழுத்தடித்தால்?

சமரச ஒப்பந்தத்தையே தீர்ப்பாணையாக வாங்குவதுதான் பாதுகாப்பான வழி. ஆனால் பதிவுச் சட்டத்தின் 17(2) பிரிவு, வழக்குக்கு உட்பட்ட சொத்துக்கு மட்டும்தான் சமரசத் தீர்ப்பாணையைப் பதிவிலிருந்து விலக்குகிறது. விவாகரத்து மனுவில் வீட்டைப் பற்றிப் பரிகாரமே கேட்காமல், ஒப்பந்தத்தில் மட்டும் வீட்டைச் சேர்த்தால் அந்த விலக்கு கிடைக்காது. மனுவிலேயே சொத்துத் தபசிலை (சொத்து விவரப் பட்டியல்) சேர்க்க வேண்டும். கணவன் மனைவிக்கு இடையிலான சொத்து வழக்கையும் விசாரிக்கக் குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 7-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. விலக்கு இருந்தாலும் பதிந்துவிடுவது நல்லது. இல்லையென்றால் வில்லங்கத்தில் வராது, பட்டாவும் நகராது. பதியப் போனால்தான் உங்கள் அலுவலகங்களின் வேடிக்கை. எந்த விகிதத்தில் தீர்வை என்பதற்கு ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒரு பதில். பதிவுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின் நான்கு மாதக் கெடு முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்புவது இன்னொன்று. நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு அந்தக் கெடு பொருந்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் எத்தனை தடவை சொல்லியாயிற்று. திருப்புவதும் வாய்மொழியாகத்தான். மறுத்தால் காரணத்தை எழுதி, புத்தகம் 2-ல் பதிந்து தர வேண்டும் என்கிறது 71-ஆம் பிரிவு. அந்த எழுத்து இருந்தால்தான் 30 நாளுக்குள் பதிவாளரிடம் மேல்முறையீடு போக முடியும். குடும்ப நீதிமன்றத் தீர்ப்பாணைப்படி முன்னாள் கணவன் மனைவிக்குள் மாறும் சொத்துக்குக் குடும்ப உறுப்பினர் விகிதமே பொருந்தும் என்று அரசாணை வெளியிட்டால் இந்த இழுபறியில் பாதி தீரும். கூட்டுக் கடனில் வாங்கிய வீடு என்றால் விடுதலைப் பத்திரம் எழுதியதும் கடனிலிருந்தும் விடுபட்டதாகக் கணவர் நினைத்துக்கொள்கிறார். வங்கி எழுத்துமூலம் விடுவிக்கும்வரை அவரும் கடன்காரர்தான்.

நீதிமன்றத்துக்கே வராத மண முறிவுகள் இவற்றைவிடச் சிக்கலானவை. 20 ரூபாய் முத்திரைத்தாளில் ‘இனி நமக்குள் எந்தப் பாத்தியதையும் இல்லை’ என்று எழுதி, ஊர்ப் பெரியவர்கள் சாட்சிக் கையெழுத்தும் நோட்டரி முத்திரையும் போட்டுத் தீர்த்துக்கட்டிய தாள்கள் மாநிலம் முழுக்க இருக்கின்றன. இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு வழக்காற்று மண முறிவைக் காப்பாற்றுகிறதுதான். ஆனால் அந்தச் சமூகத்தில் அந்த வழக்கம் தொன்றுதொட்டு இடைவிடாமல் இருந்துவருகிறது என்று ஒவ்வொரு வழக்கிலும் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாமல் போனால் முதல் திருமணம் அப்படியே நிற்கிறது, இரண்டாவது செல்லாது. முப்பது வருடம் குடும்பம் நடத்திய பெண்ணுக்கு மனைவி என்ற முறையில் பங்கு இல்லை. அவர் பிள்ளைகளுக்கு 16-ஆம் பிரிவின்படி தந்தையின் சொத்தில் பங்கு உண்டு. கூட்டுக் குடும்பச் சொத்தில் தந்தைக்குச் சேர வேண்டிய பாகத்திலும் உண்டு என்று 2023 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. இந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு வட்டாட்சியர் எப்படி வாரிசுச் சான்று கொடுப்பார்? கொடுக்க மாட்டார், நீதிமன்றத்துக்குப் போகச் சொல்வார்.

மற்ற மதத்தாருக்கும் இதே கதைதான். தனியார் அமைப்பு கொடுத்த குலா (முஸ்லிம் மனைவி கேட்டுப் பெறும் மண முறிவு) சான்றிதழ் செல்லாது, குடும்ப நீதிமன்றத்துக்கே போக வேண்டும் என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. தேவாலயத் தீர்ப்பாயம் திருமணத்தை ரத்து செய்தாலும் சட்டத்தின் கண்ணில் அது விவாகரத்து ஆகாது. ஆனாலும் இந்தத் தாள்களை நம்பி மறுமணம் பதிய வருகிறார்கள். மறுமணப் பதிவில் ‘விவாகரத்தானவர்’ என்று நிரப்பினால், தீர்ப்பாணையின் சான்றிட்ட நகலில் வழக்கு எண், நீதிமன்றம், தேதி மூன்றையும் பதிவேட்டில் ஏற்றிய பிறகே சான்றிதழ் தாருங்கள். மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததா என்று பார்க்கவும் அந்தத் தேதிதான் உதவும்.

இத்தனைக்கும் சட்டசபை வரை போக வேண்டியவை இரண்டுதான். ஒன்று, மேலே சொன்ன தாமத மன்னிப்பு. மற்றொன்று, 2009 சட்டத்தில் மண முறிவுக் குறிப்புக்கு ஒரு பிரிவு: தீர்ப்பாணையின் சான்றிட்ட நகலைக் கொண்டுவந்தால், அல்லது நீதிமன்றமே அனுப்பினால், அசல் திருமணப் பதிவின் ஓரத்தில் அதைக் குறிக்க வேண்டும், மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறினால் அதையும் குறிக்க வேண்டும். திருமணமும் விவாகரத்தும் பொதுப் பட்டியலில் இருப்பதால் மாநிலத்துக்கு இதில் அதிகாரம் உண்டு. மற்றவை அரசாணையாலும் சுற்றறிக்கையாலும் மென்பொருள் மாற்றத்தாலும் ஆகக்கூடியவை.

இரண்டு ஆட்சேபங்கள் வரும் என்று தெரியும். சார்பதிவாளர் உரிமைமூலத்தை விசாரிக்கலாமா என்பது முதலாவது. கூடாது, முந்தைய அசல் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்ற தமிழ்நாடு பதிவு விதிகளின் 55-ஏ(1) விதியை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததே அதற்காகத்தான். மகளின் மண நாளைப் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் எழுதிக்கொடுப்பவரே உறுதிமொழியாகக் குறிக்கட்டும், அலுவலகம் அதை அப்படியே பதியட்டும் என்றுதான் கேட்கிறோம். பொய் என்றால் எழுதியவர் மாட்டுவார்.

இரண்டாவது, அந்தரங்கம். யார் யாரை எப்போது பிரிந்தார் என்பதை வில்லங்கம் போல ஊரே இணையத்தில் பார்க்கும்படி வைப்பதை நாங்களும் எதிர்ப்போம். ஜாதி மாறி மணந்தவர்களின் விலாசம் வெளியானால் என்ன நடக்கும் என்று இந்த மாநிலத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. இணையத் தேடலில் பதிவு இருக்கிறதா, எந்த அலுவலகம், எந்த எண் என்பது மட்டும், அதுவும் தம்பதிக்கும் அவர்களின் வாரிசுகளுக்கும் அடையாளச் சான்றின் பேரில் தெரியட்டும். சொத்து வாங்குபவருக்குத் தேவை என்றால் விற்பவரே நகல் வாங்கிக் கொடுக்கட்டும். விலாசம், புகைப்படம், சாட்சிகள் விவரம் எதுவும் தேடலில் வரக் கூடாது. இந்து திருமணச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு பார்வையிடச் சொல்லும் பதிவேட்டை அலுவலகத்தில் வந்து கேட்பவருக்கு, யார், எதற்காகக் கேட்டார் என்று பெயரோடு குறித்துக்கொண்டு காட்டலாம்.

இப்படிக்கு,
குடும்பச் சொத்து ஆவணங்களிலும் குடும்ப வழக்குகளிலும் பணிபுரியும் ஆவண எழுத்தர்கள், வழக்கறிஞர்கள்